நீலமேகத்தின் முன்பல்

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் குடியிருந்த ராஜாத்திக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் முழுக்கச் சட்டைகளை விரித்துக் கறை பார்ப்பாள். அந்தக் கண்ணுக்குப் புருஷன் நீலமேகத்தின் முன்பல் தப்பவில்லை.

போன வருஷம் அவன் குடித்துவிட்டு பேசின் பிரிட்ஜ் பக்கம் வண்டியிலிருந்து விழுந்ததில் அந்தப் பல் பாதி உடைந்துபோனது. ராயபுரத்தில் டாக்டர் சபீஹா பல் நிறத்திலேயே சிமெண்ட் வைத்து, எது நிஜம் எது ஒட்டு என்று தெரியாதபடி சரிசெய்தார். அன்றைக்கே வீட்டுப் புத்தர் படத்தின் முன் நின்று, இனிக் குடிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தான் நீலமேகம். அதன் பிறகு அவன்மேல் வாடை வந்ததில்லை. ஆனால் ஒட்டு வைத்த பாதி மட்டும் மெல்ல மெல்லப் பழுப்பேறியது.

பான் மசாலா என்று நினைத்தாள் ராஜாத்தி. சட்டைப் பையைத் துழாவினாள், வண்டி சீட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. கேட்டதற்கு, டீ குடிப்பதால் இருக்கும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்படித் திருப்பிக்கொண்டதுதான் அவளை உறுத்தியது.

அவனுக்குத் தெரியாமல் சபீஹாவைப் போய்ப் பார்த்தாள். புகையிலை என்றால் பக்கத்துப் பல்லிலும் கறை இருக்கும் என்றார் டாக்டர். இந்தச் சிமெண்ட் கல் மாதிரி தெரிந்தாலும் வாயின் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும், ஈரத்தோடு சாயமும் உள்ளே போகும். டீயும் கறை ஏற்றும்தான். கோலா என்றால் அதன் புளிப்பு மேல்பளபளப்பையே அரித்துவிடும், சாயம் இன்னும் சுலபமாக இறங்கும்.

"அவர் கூல்டிரிங்க்ஸ் நிறைய குடிப்பாராம்மா?"

ராஜாத்திக்குப் பழசு ஞாபகம் வந்தது. நீலமேகமும் அவன் கூட்டாளிகளும் ரம்மில் கோலா கலந்துதான் குடிப்பார்கள்.

மறுநாள் சாயங்காலம் நேரே கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டுக்குப் போனாள். அங்கேதான் அவன் மூட்டை இறக்கினான். மதிலுக்குப் பின்னால் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் மேஸ்திரி வேலப்பன். நீலமேகத்தின் கையிலும் ஒரு கிளாஸ், உள்ளே கறுப்பாக.

ராஜாத்தி கிளாஸைப் பிடுங்கி ஒரு வாய் குடித்தாள். வெறும் இனிப்பு. நாக்கைச் சுழற்றிப் பார்த்தாள். ரம் ஒரு சொட்டு இல்லை. நிமிர்ந்தால், நீலமேகம் கண்ணால் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. சேர்ந்து குடிக்காதவனை வேலப்பன் நம்ப மாட்டான். ஆபீசில் போட்டுக்கொடுப்பவன் என்று லோடுக்குக் கூப்பிடாமல் விட்டுவிடுவான். அப்படி வேலை போனவர்களின் கதையை நீலமேகமே சொல்லியிருக்கிறான்.

ராஜாத்தி முகத்தைச் சுளித்துக் காறித் துப்பினாள்.

"வாக்கு குட்த்துட்டு இங்க வந்து ரம்மு குடிச்சிகினு கீறியா? எந்திரிய்யா."

வேலப்பனுக்குச் சிரிப்பு வந்தது. "வுடு தங்கச்சி, கொஞ்சூண்டுதான் ஊத்திகினான்."

தண்டவாள ஓரமாக நடக்கும்போது, ஏன் தன்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள். சொன்னால் நம்பியிருப்பாயா என்றான். கடையிலேயே ரம் கலந்து எடுத்து வந்ததாகச் சொல்லிவிடுவானாம், யாரும் மோந்து பார்க்க மாட்டார்களாம்.

"நான் குடிச்சது இன்னிய கிளாஸு. நேத்து கிளாஸுல இன்னா இருந்துச்சின்னு எனக்கு எப்டித் தெரியும்?"

அந்த வாரமே அவனை டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

சபீஹா மேலாகப் பழுப்பைத் தேய்த்து எடுத்தார். உள்ளே இறங்கியது போகாது, புது ஒட்டு வைத்தாலும் அதுவும் உறிஞ்சத்தான் செய்யும், கோலாவை விட்டுவிடுங்கள் என்றார். நீலமேகம் விட்டுவிட்டான். ரம் ஒத்துக்கொள்ளவில்லை, ஜின்னுக்கு மாறிவிட்டேன் என்று வேலப்பனிடம் சொல்லிவிட்டு வெறும் சோடாவைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ராஜாத்தியின் நிம்மதி அத்தோடு போயிற்று. சோடாவுக்கும் நிறமில்லை, ஜின்னுக்கும் நிறமில்லை. இனி அவன் எதைக் குடித்தாலும் பல் காட்டிக்கொடுக்காது. சாயங்காலம் அவன் படியேறி வந்ததும், செருப்பைக் கழற்றும் முன்பே வாயை ஊதச் சொன்னாள்.