மல்லாட்டைக் கொல்லையின் ஆரஞ்சு ஆபீசர்

"டேய் ராஜு, உன் கம்பெனித் துணி கெலிச்சிடுச்சிடா!"

போனில் அம்மா சவுரியம்மாள் கத்தியதும் திருப்பூரில் ஆரோக்கியராஜ் தையல் மெஷினை நிறுத்தினான். அம்மா சந்தோஷமாகப் பேசினாலே அவனுக்குப் பயம்.

ஓமந்தூர் பக்கம், ரோடு வளைகிற இடத்தில் அம்மா ஒரு கொல்லையைக் குத்தகைக்கு எடுத்து மல்லாட்டை, திருப்பூரில் சொல்வதென்றால் நிலக்கடலை, போட்டிருந்தாள். போன வருஷம் காய் முற்றும் நேரத்தில் காட்டுப்பன்றிகள் மொத்தத்தையும் கிண்டித் தின்றுவிட்டன. எல்லோரையும்போலச் சுற்றிலும் பழைய புடவை கட்டித்தான் வைத்திருந்தாள். பன்றிகளுக்கு அது பழகிவிட்டது. ஒன்று அவளுடைய கல்யாணப் புடவையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு சாவகாசமாக நடந்து போனது. "இந்த வாட்டியும் போச்சின்னா கொல்லைய உட்டுட்டு உன் ரூமுக்கே வந்துடுவேன்" என்றாள். அந்த ரூமில் அவனே கதவுக்குப் பின்னால்தான் படுத்தான்.

ரோடு போடுகிறவர்கள் அணியும் பளபள ஜாக்கெட் தைக்கும் கம்பெனியில் அவனுக்கு வேலை. வெட்டியதுபோக மிஞ்சிய ஆரஞ்சுத் துண்டுகளையும் வெள்ளிப் பட்டைகளையும் சூப்பர்வைசரிடம் கெஞ்சி வாங்கி ஊருக்கு ஒரு மூட்டை அனுப்பினான். அக்கா வேணி கேஸ் சிலிண்டருக்கு உறை தைத்தாள். ஆட்டுக்குக் கழுத்துப்பட்டை தைத்தாள். மிச்சத்தை ஒட்டுப்போட்டுக் கொல்லை பொம்மைக்கு ஜாக்கெட்டும் தொப்பியும் மாட்டி, ஒரு கையை நீட்டி நிறுத்தினாள்.

பன்றி வருவதற்கு முன்னால் லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்கி லைசென்ஸைக் காட்டினார். பொம்மை ஒன்றும் பேசாததால், அது கை நீட்டிய பக்கம், கொல்லையைச் சுற்றிப் போகும் வண்டிப்பாதையில் லாரியைத் திருப்பினார். பின்னாலேயே டிராக்டர், பால்வண்டி, டவுன் பஸ். எல்லாம் கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி ரோட்டுக்கே வந்தன. ரோட்டில் ஒரு பள்ளம்கூட இல்லை. இருந்தாலும் ஆபீசர் சொல்கிறாரே.

"பன்னி எங்கடா வரும்? அதுங்களுக்கு ரோடு கிராஸ் பண்றதே பேஜாரா கீது!" அம்மா சிரித்தாள்.

ஆரோக்கியராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. காற்றடித்துக் கை திரும்பிக்கொண்டால்?

மறுநாளே லீவு சொல்லிவிட்டு, விழுப்புரத்தில் இறங்கி, திண்டிவனம் போய், டவுன் பஸ்ஸில் ஏறினான். வளைவு வந்தது. பஸ் நின்றது. ஆபீசரின் கை நேராக மல்லாட்டைச் செடிகளைக் காட்டியது.

"அண்ணே, திருப்பாதீங்க! அது எங்க கொல்லை!"

"தம்பி, கொல்லைன்னு உனக்குத் தெரியிது. ஆபீசருக்குத் தெரியாதா?" என்றார் கண்டக்டர் கோதண்டபாணி.

"அது பொம்மைண்ணே! எங்கக்கா தெச்சது!"

"உங்கக்கா ஆபீசருக்குத் துணி தெச்சிக் குடுத்தா, அவரு பொம்மையாயிடுவாரா?"

பின்சீட்டிலிருந்து ஒரு பெருசு, "மனுசன் வெயில்ல வாயத் தொறக்காம நின்னுக்கினு கீறாரு. மரியாதயாப் பேசு" என்றார்.

டிரைவர் ஸ்டியரிங்கை ஒடித்தார். ஆரோக்கியராஜ் குதித்து ஓடி, பொம்மையின் கையைப் பிடித்துத் திருப்பினான்.

"டூட்டில கீற ஆளு மேலயே கை வைக்கிறியா?" பஸ்ஸே இறங்கி வந்து அவன் சட்டையைப் பிடித்தது. அந்த இழுபறியில் ஆபீசர் இரண்டாக முறிந்தார். வைக்கோல் பறந்தது. அப்படியும் ஒருவரும் நம்பவில்லை. ஒரு அம்மாள் அதன் வாயில் தண்ணீர் ஊற்றப் பார்த்தாள்.

பஸ்ஸின் முன்சக்கரம் வரப்பைத் தொட்டிருந்தது. அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. முறிந்த ஆபீசரிடமிருந்து ஜாக்கெட்டை உருவி மாட்டினான், தொப்பியை வைத்தான், வண்டிப்பாதையைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"அதான பாத்தேன்! ஆளு மாத்திட்டாங்க" என்றார் கோதண்டபாணி. "வாங்க, வாங்க, ஜல்தி ஏறுங்க." பஸ் ரிவர்ஸ் எடுத்து, பாதையில் போய்விட்டது.

பின்னால் ஒரு ஜல்லி லாரி நின்று, அவன் முகத்தையே பார்த்தது.

சவுரியம்மாள் ஓடி வந்தாள். "கைய எறக்காதடா கண்ணு! ஆளுங்கள சொல்லிட்டேன், நாளைக்கிக் காத்தால மல்லாட்டய புடுங்கிடலாம்."

"அம்மா, போன் அடிக்கிது. சூப்பர்வைசரு. பேன்ட் பாக்கெட்டுல கீது."

அவள் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். மகனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள்.

"அவன் இனிமே வரமாட்டான் சார்" என்றாள். "கவர்மெண்டு வேல கெடச்சிடுச்சி."