கூப்பிடாமல் வந்தவளின் சட்டை

என் மகளின் சங்கதி எல்லாம் எனக்கு உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்கு முன்னால்தான் தெரியவரும். வாயால் சொல்வது குறைவு. செவ்வாயும் வெள்ளியும் ஹொக்கிப் பயிற்சி முடிந்து அவள் கொண்டுவரும் உடுப்பைத் தூக்கிப் பிடித்தால் மணல் கொட்டும். முழங்கால் பக்கம் தேய்ந்திருக்கும். காலுறையைக் கழற்றினால் கணுக்கால் கத்தரிக்காய் நிறத்தில் கண்டிப்போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்சுக்குப் போட்டுப் போகிற வெள்ளைச் சட்டை மட்டும் நான் அயன் பண்ணிய மடிப்புக்கூடக் கலையாமல் திரும்பி வரும். இருபத்திரண்டாம் இலக்கம். மூன்று வருடமாக அதில் ஒரு கறை கிடையாது.

சுலக்சனா இங்கே பலெர்மோவில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். முதல் வருடமே பெண்கள் ஹொக்கி அணியில் போய்ச் சேர்ந்தாள். மற்றப் பெட்டைகள் எல்லாம் சின்ன வயதிலிருந்து கிளப்புகளில் விளையாடியவர்கள்; எங்களிடம் வா என்று கூப்பிட்டு எடுக்கப்பட்டவர்கள். இவளை யாரும் கூப்பிடவில்லை. விருப்பமானவர்கள் வரலாம் என்று எங்கேயோ ஒட்டியிருந்த அறிவித்தலைப் பார்த்துவிட்டு, இரவல் மட்டையோடு தானாகப் போய் நின்றாள். போ என்று அவர்கள் சொல்லவில்லை. விளையாடு என்றும் சொல்லவில்லை. பயிற்சிக்கு வா, மட்ச் அன்றைக்குக் கோட்டுக்கு வெளியே மாற்று ஆட்களோடு வாங்கில் குந்தியிரு. அவ்வளவுதான்.

நான் பகேரியாவில் ஒரு வயதான இத்தாலிய அம்மாவை, ஒரு சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொள்கிறேன். காலையில் ரயில், பின்னேரம் ரயில். தூக்கி இருத்த வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், சாப்பாடு தீத்த வேண்டும், அவவின் முறைப்பாடுகளுக்குத் தலையாட்ட வேண்டும். "நீ இல்லாவிட்டால் எங்கள் வீடு நடக்காது, யோகா" என்று அவவின் மகள் அடிக்கடி சொல்லுவாள். நத்தார்ப் பண்டிகைக்குக் குடும்பமாக நின்று படம் எடுக்கும்போது ஃபோனை என் கையில் தருவாள். நான்தான் எடுப்பேன். கை ஆடாமல் எடுப்பேன் என்று ஒரு நல்ல பெயர் வேறு. எனக்காவது இதற்குச் சம்பளம் தருகிறார்கள். என் மகள் சம்பளமும் இல்லாமல் இதே வேலையைத் தேடிப் போய்ப் பிடித்திருக்கிறாளே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அந்தக் கிழமை முழுவதும் அவள் வீட்டுக்குள், வாசல் நடையில் விளக்குமாற்றுத் தடியோடு நின்றாள். குனிவாள், இடது தோளைச் சற்றுப் பதிப்பாள், தடியை இழுத்து வீசுவாள். பிறகு ஃபோனில் ஏதோ வீடியோவைப் பார்ப்பாள். மறுபடியும் குனிவாள். நான் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றவும் இடமில்லாமல் நின்றேன்.

"பிள்ளை, நீ அங்கை என்னதான் செய்யிறாய்?"

"எதிராளியா நிக்கிறன், அம்மா."

"விளங்கேல்லை."

"ஒவ்வொரு கிழமையும் அடுத்த மட்சுக்கு வாற டீமிலை ஆர் திறமோ, நான் அவவைப் போல விளையாடோணும். எங்கடை ஆக்கள் என்னை மறிச்சுப் பழகுவினம். வாற ஞாயிறு ஒருத்தி வாறா. பெனால்டி கோனர் அடிச்சா எண்டா கோல்தான். இந்தக் கிழமை நான் அவ."

"அப்ப, சுலக்சனாவா எப்ப நிப்பாய்?"

அவள் தடியைச் சுவரில் சாத்தினாள். "எனக்குக் களைப்பா இருக்கு, அம்மா. சாப்பாட்டைப் போடுங்கோ" என்றாள்.

அந்த ஞாயிறு வருடத்தின் கடைசி மட்ச். தோற்றால் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும் என்றார்கள். எனக்கு அணி ஏறினாலென்ன, இறங்கினாலென்ன. படிப்பும் இந்த வருடத்தோடு முடிகிறது, ஹொக்கியும் முடிகிறது. அதற்கு முன் என் பிள்ளை ஒரு தரம், ஒரே ஒரு தரம், அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே இறங்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

இப்படியான நேரத்தில் என்ன செய்ய வேண்டுமென்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. சின்ன வயதில் தமிழ்ப் பள்ளிக்கூட வாணி விழா நடனத்தில் இவளைப் பின் வரிசையில் நிறுத்தினார்கள். ஒரு தட்டுப் பலகாரத்தோடு ரீச்சர் வீட்டுக்குப் போய் வந்தேன். அடுத்த வருடம் முன் வரிசை. ஆகவே வியாழன் பின்னேரம், எனக்கு லீவு நாள், மரக்கறி ரோல்ஸ் பொரிக்கத் தொடங்கினேன்.

என் மனுசன் அருளம்பலம் சியாகுல்லியில் ஒரு தோட்டத்தில் மாண்டரின் தோடம்பழம் பிடுங்குகிறவர். முதுகை நிமிர்த்த முடியாமல் கட்டிலில் கிடந்தபடியே கேட்டார்.

"இஞ்சாரும், ஆருக்கு இவ்வளவு?"

"அந்தக் கோச்சுக்கு."

"நீர் சும்மா இரும். அது வாணி விழா இல்லை."

"பெத்தவள் கேக்காமல் வேறை ஆர் கேக்கிறது?" என்று அடுப்பைப் பார்த்தபடியே சொன்னேன்.

கோச்சின் பெயர் ஸ்ரெல்லா. கிட்டத்தட்ட என் வயது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன குரல். திடல் ஓரத்தில் ஒரு சின்ன அறைக்குள் கிழிந்த வலையொன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைவிடக் களைத்த முகம். தட்டை நீட்டினேன். பசித்திருப்பாள் போல, உடனே ஒன்றை எடுத்துக் கடித்தாள். எனக்குத் தெரிந்த இத்தாலியனில் நான் சொல்ல வந்ததைச் சொன்னேன்.

"சிஞ்ஞோரா, அவள் இல்லாவிட்டால் கோலை மறிக்கிற என் பின்வரிசை இல்லை" என்றாள் ஸ்ரெல்லா.

"எனக்கும் வேலை வீட்டில் அப்படித்தான் சொல்லுகிறார்கள்" என்றேன்.

அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு, "ஞாயிறு நாங்கள் முன்னுக்கு நின்றால், கடைசிப் பகுதியில் இறக்குகிறேன்" என்றாள். எனக்கு நிலத்தில் கால் பாவவில்லை.

வெள்ளிக்கிழமை சுலக்சனா பயிற்சி முடிந்து வந்தாள். பையிலிருந்து முதலில் வெளியே வந்தது உடுப்பல்ல, என் தட்டு.

"இது எங்கடை தட்டு, அம்மா."

நான் வாங்கக் கை நீட்டினேன்; அவள் விடவில்லை.

"என்னைக் கேட்டனீங்களோ?"

"தாய் பிள்ளையைக் கேட்டே செய்யோணும்?"

"வாணி விழாவிலையும் இப்பிடித்தான் செய்தனீங்கள். முன் வரிசையிலை நிண்டன், ஆனா ஆடி முடியுமட்டும் நான் தலையை நிமிர்த்தேல்லை. அந்த இடம் பலகாரத்துக்குக் கிடைச்சது எண்டு எல்லாப் பிள்ளையளுக்கும் தெரியும்." அவள் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நானும் உயர்த்தியிருப்பேன். தட்டைக் குசினியில் அடுப்போரம் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஞாயிறு போனேன். அதுவரை ஒரு மட்சும் நான் பார்த்ததில்லை. வந்து என்ன பார்க்கப் போறீங்கள் என்று அவளே மறித்துவிடுவாள். இந்தத் தரம் மறிக்கவில்லை. இவர் பருவத்தின் கடைசி மாண்டரின் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். தெற்கிலிருந்து சூடான காற்று அடித்துக் கண்ணுக்குள் தூசி விழுந்தது.

எங்கள் ஆட்கள் ஒரு கோல் முன்னுக்கு நின்றார்கள். பெனால்டி கோனர் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் கண்டேன். கோல் கோட்டிலிருந்து ஒருத்தி பந்தைத் தள்ளிவிடுகிறாள். அரை வட்டத்தின் முனையில் அதை நிறுத்தி இன்னொருத்தி அடிக்கிறாள். அடிக்கிறவளை நோக்கி, முகத்துக்குக் கவசம் போட்டுக்கொண்டு, மறிக்கிறவர்கள் ஓடிப்போக வேண்டும். அது பந்தில்லை, கல்லு. எங்கள் பக்கத்தில் முதலாவதாய் ஓடுகிறவள் மார்த்தா என்ற உயர்ந்த பெட்டை. இரண்டு தரம் ஓடினாள், இரண்டு தரமும் மறித்தாள். வாங்கில் எல்லோரும் இருந்தார்கள். என் மகள் மட்டும் எழும்பி நின்றாள்.

கடைசிப் பகுதியில் மார்த்தா நொண்டத் தொடங்கினாள். ஸ்ரெல்லா திரும்பிச் சனத்துக்குள் என்னைத் தேடினாள். கண்டதும், என் மகளைக் கூப்பிட்டாள். சுலக்சனா மேற்சட்டையைக் கழற்றினாள். பல்லுக்குக் காப்புப் போட்டாள். மட்டையோடு கோட்டு ஓரத்தில் வந்து நின்றாள். ஒரு அடி வைத்தால் உள்ளே. இவர் என் கையைப் பிடித்தார்.

மார்த்தாவுக்குப் பதிலாக இறங்கு என்று ஸ்ரெல்லா கையால் காட்டினாள். என் மகள் இல்லை என்று தலையாட்டினாள். வாயிலிருந்த காப்பைக் கழற்றி ஏதோ சொன்னாள். ஸ்ரெல்லா கையை விரித்தாள். என் மகள் மறுபடியும் தலையாட்டினாள்.

"இறங்கடி பிள்ளை! இறங்கு!" என்று நான் கத்தினேன். திடலே திரும்பிப் பார்த்தது. அவள் பார்க்கவில்லை.

அதே நேரம் விசில் ஊதியது. எதிர்ப்பக்கத்துக்கு இன்னொரு பெனால்டி கோனர். இனி அது முடியுமட்டும் ஒருத்தரையும் மாற்ற ஏலாதாம். அவர்களில் நீளப் பின்னல் போட்ட ஒருத்தி அடிக்க வந்து நின்றாள். குனிந்தாள். இடது தோளைச் சற்றுப் பதித்தாள். அவளை எனக்குத் தெரியும். கிழமை முழுவதும் என் வீட்டு வாசல் நடையில் நின்று என்னைச் சப்பாத்துக் கழற்ற விடாதவள் அவள்தான். பந்து வந்தது. மார்த்தா நொண்டிக் காலோடு, அந்தத் தோள் காட்டிய பக்கத்துக்கு நேராய் ஓடினாள். பந்து அவள் மட்டையிலும் விரல்களிலும் பட்டுத் தெறித்து வெளியே போனது. கொஞ்ச நேரத்தில் மட்ச் முடிந்தது. நாங்கள் வென்றோம். என் மகள் கோட்டு ஓரத்திலேயே நின்றாள்.

மற்றவர்கள் நடுவில் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். மார்த்தா மட்டும் அங்கே போகவில்லை. நொண்டி நொண்டி நேரே என் மகளிடம் வந்தாள். இரத்தம் வடிகிற கையால் அவள் தோளைப் பிடித்து, நெற்றியோடு நெற்றியை முட்டி, என்னவோ சொன்னாள். பிறகு படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். யாரோ ஃபோனை நீட்ட, என் மகள் வாங்கினாள். கை ஆடாமல் எடுத்தாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. இரண்டாவது படத்துக்கு மார்த்தா அவளை இழுத்து நடுவில் விட்டாள். அந்தப் படத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் வீடு இருக்கிற ஒரேத்தோவுக்கு வருகிற பஸ்ஸில் மூன்று பேரும் களைத்துப்போய் இருந்தோம்.

"ஏன் இறங்கேல்லை?" என்று கேட்டேன்.

"மார்த்தா நான் அடிச்சதை எல்லாம் மறிச்சுப் பழகினவ. அவவை எடுத்திட்டு என்னை விட்டா, கோனருக்கு ஆர் ஓடுறது? நான் அடிக்கத்தான் பழகினனான், மறிக்க இல்லை."

"வேறை ஆரையேன் எடுத்திருக்கலாமே?"

"ஸ்ரெல்லாவும் அதைத்தான் கேட்டவ. மற்றவை ஒழுங்கா நிண்டவை, அம்மா. என்னை இறக்கியிருந்தா எனக்கு நல்லம். டீமுக்கு இல்லை." அவள் கண்ணாடிப் பக்கம் தலையைச் சாய்த்தாள். "எனக்கு விருப்பம் இல்லை எண்டு நினைக்காதேங்கோ."

"மார்த்தா என்ன சொன்னவ?"

அந்தக் கிழமை அப்போதுதான் அவள் சிரித்தாள். "'உன்னை எனக்குக் கண்ணிலை காட்டேலாது. கனவிலையும் நீதான் வந்து அடிச்சனி. அவ குனியேக்கை நான் அவவைப் பாக்கேல்லை, உன்னைத்தான் பாத்தன்' எண்டவ." பிறகு, "ரோல்ஸ் நல்லா இருந்ததாம். ஸ்ரெல்லா சொல்லச் சொன்னவ" என்றாள். இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரிப்பை அடக்கினார்.

வீட்டுக்கு வந்து சட்டையை எடுத்துப் பார்த்தேன். இடது தோளில் நாலு விரல் பதிந்திருந்தது. இரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான். சுடுதண்ணீர் பட்டால் ஒட்டிக்கொள்ளும். சிஞ்ஞோராவின் படுக்கை விரிப்புகளில் பழகிய கை எனக்கு. ஊறவிட்டுச் சவர்க்காரம் போட்டுக் கசக்கினேன். சிவப்புப் போய் மண்ணிறமானது. மண்ணிறமும் வெளிறியது. இன்னும் கொஞ்சம் கசக்கினால் முழுவதும் போய்விடும். நான் பிழிந்து கொடியில் போட்டேன்.

சுலக்சனா வந்து பார்த்தாள். "இன்னும் கிடக்கே, அம்மா."

"கை உளையுது, பிள்ளை. இனி என்னாலை ஏலாது" என்றேன்.

கை உளைந்தது உண்மைதான்.