அத்தர் குப்பியில் வெயில் மருந்து

மகள் ரிஸ்லாவின் முழங்கைத் தோலில் வெண்புள்ளியாய் வெள்ளை விழுந்ததைவிட, அதை ஒழுங்கையில் போகிறவர்கள் யாராவது கண்டுவிடுவார்களோ என்பதுதான் பரீதாவுக்குப் பெரிய கவலை. மகள், முனீபுக்குக் கலியாணம் பேசி முடித்த பெண்ணல்லவா.

தோல் டொக்டர் தந்த மருந்தும் ஒரு விசித்திரம். பூசினால் சும்மா கிடக்கும். வெயில் பட்டால்தான் வேலை செய்யும். கொஞ்ச நேரம் காட்டிவிட்டுக் கழுவ வேண்டும், கூடினால் தோல் பொசுங்கும் என்று அவர் படித்துப் படித்துச் சொன்னவர். மாப்பிள்ளை வீட்டாரோ வந்தால் அலுமாரியையும் ஒரு பார்வை பார்க்கிற ஆட்கள். பரீதா மருந்தை ஒரு பழைய அத்தர் குப்பிக்குள் ஊற்றிவைத்தாள். அவ்வளவு கெட்டித்தனம்.

வெள்ளிக்கிழமை அவள் கணவர் ஸைனுலாப்தீன், உள்ளே இருப்பது அத்தர்தான் என்று நினைத்து, அந்தக் குப்பியோடு ஜும்ஆவுக்குப் போனார். பள்ளி நிறைந்து முற்றத்தில்தான் இடம். பக்கத்தில் முனீபின் வாப்பா ஜவ்பர். தன் கைகளில் தேய்த்துக்கொண்ட ஸைனுலாப்தீன், சம்பந்தியின் மணிக்கட்டிலும் கழுத்திலும் தாராளமாகத் தேய்த்துவிட்டார். குப்பியில் ரோஜா வாசம் இன்னும் ஒட்டியிருந்தது. தொழுகை முடிந்தும் இருவரும் துறைமுகப் பக்கம் வெயிலில் நின்று விருந்துக்கு மாடா ஆடா என்று கதைத்துத் தீர்த்தார்கள்.

ஞாயிறு காலை ஸைனுலாப்தீனின் கைகளில் கொப்புளம். பரீதா ஓடிப்போய்க் குப்பியைப் பார்த்தாள். பாதி காலி.

அந்நேரம் பார்த்து ஜவ்பர் வந்தார். கழுத்து வெந்த இறால் நிறம், மணிக்கட்டில் முட்டை முட்டையாய்க் கொப்புளம். ஏதோ பூச்சி என்றார். இப்படியே மோட்டார் சைக்கிளில் சீனன்குடாவுக்குப் போகப்போகிறாராம். வெயிலுக்குப் போகாதீர்கள் என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் கலியாணம் போச்சு. பரீதா தேத்தண்ணியை நீட்டி, பூச்சியாகத்தான் இருக்கும் என்றாள்.

அறைக்குள் இருந்து ரிஸ்லா வந்தாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்திருந்தாள்.

"பூச்சியில்ல மாமா. வாப்பா பூசினது இதுக்கு டொக்டர் தந்த என்ட மருந்து. வெயிலுக்குப் போகாம டொக்டரிட்ட போங்க."

ஜவ்பர் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முனீபுக்கு இது தெரியுமா?"

"ஓம் மாமா. டொக்டரைப் பார்க்க நம்பர் எடுத்துத் தந்ததே அவர்தான்."

தன் வீட்டுக்குள்ளேயே இப்படியொரு கதை ஓடியிருக்கிறதென்று பரீதாவுக்கு இப்போதுதான் தெரியும். ஊருக்கு மறைத்தவளுக்கு மகளைத் தெரியவில்லை.

ஜவ்பர் போனை எடுத்து மகனுக்கு அடித்தார். ஏசவில்லை. அதே டொக்டரிடம் இரண்டு பேருக்கு நம்பர் எடுக்கச் சொன்னார், தனக்கும் சம்பந்திக்கும்.

சம்பந்தி என்றுதான் சொன்னார். பரீதா திறந்த வாயை இன்னும் மூடவில்லை.