வளையில் ஏறிய கொம்பியூட்டர்

ஒரு மேசையை எங்கே போடுவது என்று முடிவெடுக்க ஒரு வீட்டில் ஒரு கிழமை போகுமா? தக்ஷாயினியின் வீட்டில் போனது. ஜன்னலோரம்தான் வெளிச்சம் என்று அவள் நின்றாள். கல்யாணக் கார்ட், விண்ணப்பம், வினாத்தாள் என்று வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுக்கத்தான் காத்தான்குடி மர்சூக்கின் கடையில் பழைய கொம்பியூட்டர் ஒன்றை வாங்கியிருந்தாள். ஜன்னலோரம் வேண்டவே வேண்டாம் என்றான் புருசன் உதயரூபன். ரோட்டால் போகிறவன் கண்ணில் எதுவும் படக்கூடாதாம்.

அவன் பயந்ததிலும் பிழையில்லை. சுனாமி வந்து நாலாம் வருசம் அது. ஆமியின் சுற்றிவளைப்பு ஓய்ந்தபாடில்லை. அந்த ஒழுங்கையிலேயே இரண்டு இளந்தாரிகளை விசாரணை என்று ஏற்றிக்கொண்டு போனார்கள், போனவர்கள் போனவர்கள்தான். உதயரூபனுக்கும் முப்பது வயசு. தக்ஷாயினிக்கு உலகத்தில் இருந்த பயமெல்லாம் அது ஒன்றுதான்.

கடைசியில் மேசை உள்சுவரோடு போனது. கதிரையில் இருந்து பார்த்தாள். முழங்கால் இடிக்கவில்லை, கை வாகாக வந்தது, பிளக்கும் எட்டியது. கொம்பியூட்டரின் இரும்புப் பெட்டியை மேசைக்குக் கீழே தள்ளப் போகும்போதுதான் அப்பா அழகரத்தினம் வாயைத் திறந்தார்.

"பெட்டிய நிலத்தில வெக்காத மகள். தண்ணி வந்தா?"

"இஞ்ச எங்கப்பா தண்ணி வாற?"

"நாவலடியில உன்ட அம்மாவும் இப்பிடித்தான் கேட்டவ."

அதற்கு மேல் யார் என்ன கதைப்பது? சுனாமியன்று நாவலடிக் கரையில் பெண்சாதி, தோணி, வீடு எல்லாவற்றையும் ஒரே காலையில் கடலுக்குக் கொடுத்த மனுசன். பதிலுக்குக் கடலுக்குத் தூரத்தில் கிடைத்த இந்த வீட்டையும் ஊர் வழக்கப்படி இளைய மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, விறாந்தை மூலையில் பாய் விரித்துக் கிடக்கிறார். ஆசைப்பட்டதைச் செய்யட்டும் என்று விட்டார்கள்.

செய்தாரே ஒரு வேலை! கூரையின் வளை மரத்தில் வலைக்கயிறு போட்டு, பலகை ஒன்றைத் தொங்கவிட்டு, அதில் பெட்டியை ஏற்றி, ஒழுக்குக்கு நீலத் தறப்பாளும் சுற்றிக் கட்டிவிட்டார். மேசையில் ரீவி மாதிரித் திரை மட்டும். மர்சூக் வந்து நீள வயர் பூட்டிக் கொடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணன், கொம்பியூட்டருக்குத் தொட்டில் கட்டியிரிக்கீங்க. தாலாட்டு ஆரு பாடுற?"

தக்ஷாயினி விழுந்து விழுந்து சிரித்தாள். உதயரூபன் சிரிக்கவில்லை.

"பாக்கிறவனுக்கு ஒளிச்சு வெச்ச மாதிரி இரிக்கும் கா," என்றான் பிறகு, குசினிக்குள் வைத்து. "மாமாட்ட நான் சொல்லேலா. நீ சொல்லு."

சொல்கிறேன் என்றாள். அவர் முகத்தைப் பார்த்தால் வாய் வரவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனாள்.

மாரி தொடங்கிய கையோடு ஒரு காலையில் அவர்கள் வந்தார்கள். அலுமாரியைக் கொட்டினார்கள், அரிசி வாளிக்குள் கைவிட்டார்கள், ஒன்றும் இல்லையென்று வாசலுக்கும் போய்விட்டார்கள். கடைசியாகப் போனவன் தற்செயலாக மேலே பார்த்தான். அவ்வளவுதான், எல்லாரும் திரும்பி உள்ளே வந்தார்கள். தறப்பாளைக் கத்தியால் கிழித்தார்கள்.

"இதென்னத்துக்கு ஒளிச்சு வெச்சிரிக்க?" கூட வந்த தமிழ் தெரிந்தவன் உதயரூபனிடம் கேட்டான்.

"கடல் வந்தா நனையாம இரிக்க ஐயா," என்றார் அழகரத்தினம். "நான்தான் கட்டின. புடிக்கிறண்டா என்னப் புடிங்க."

"கடல் எங்க கிடக்கு, வீடு எங்க கிடக்கு?" அவன் அதை மற்றவர்களுக்குச் சிங்களத்தில் சொன்னான். சிரித்தார்கள். கிழவனைப் பிடித்து என்ன பலன்? உதயரூபனைத்தான் ஏற்றினார்கள், பெட்டியோடு சேர்த்து.

தக்ஷாயினி ஒவ்வொரு நாளும் முகாம் வாசலில் போய் நின்றாள். பெட்டிக்குள் கல்யாணக் கார்ட்டைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை போலும், ஆளை விட்டார்கள். ஒரு காது கேட்கவில்லை, இடுப்பை நிமிர்த்த முடியவில்லை, ஆனாலும் உயிரோடு வந்தான். இனி இப்படி ஏதும் கண்டால் திரும்பி வரமாட்டான் என்று அவளிடமே சொல்லி, பெட்டியையும் கொடுத்து அனுப்பினார்கள்.

அவள் அதை நிலத்தில், வாசலில் நின்றாலே தெரிகிற மாதிரி வைத்தாள். பிறகு புருசனுக்கு எண்ணெய் வாங்கக் கடைக்குப் போனாள். திரும்பி வந்தால், அப்பா கதிரையில் ஏறி நிற்கிறார். வளையில் புதுக் கயிறு. கக்கத்தில் பெட்டி. உதயரூபன் சுவரோடு ஒட்டி நின்றான். அவனுடைய கால் இரண்டும் நடுங்கின.

பெட்டியைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவர் எழுதிக் கொடுத்த வீட்டுக்குள் நின்றுகொண்டுதான் அதைச் சொன்னாள்.

"அப்பா, நீங்க கொஞ்ச நாளைக்கு அக்காட்டப் போய் இரிங்க."

அக்கா பிரஷாந்தி மாங்கேணியில் இருக்கிறாள். புருசன் மீன்பிடிக்காரன். அந்தப் பக்கத்துச் சண்டை ஓய்ந்து சனங்கள் திரும்பிய பிறகுதான் அங்கே கொட்டில் போட்டார்கள். கடற்கரை ஊர் என்று அழகரத்தினம் அந்தப் பக்கம் எட்டியும் பார்த்ததில்லை.

அவர் கதிரையை விட்டு இறங்கினார். மருமகனின் கால்களைப் பார்த்தார்.

"அக்காட வீடு கடலுக்குக் கிட்டவா மகள்?"

அடுப்படியில் இருந்தே அலை தெரியும் வீடு அது. தக்ஷாயினி போய்த் தங்கியிருக்கிறாள்.

"இல்லப்பா. நல்லா உள்ளுக்கு."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு, மாற்றுச் சாரத்தைப் பையில் மடித்து வைக்கப் போனார்.