சொல்லாமல் நடந்த ஒத்திகை

அந்த நகைக்கடையின் மேனேஜருக்கு "மீசை" என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

முகத்தை மூடிய மூன்று பேர் கடைக்குள் புகுந்த அன்று, மீசை ஒரே பாய்ச்சலில் லாக்கர் அறைக்குள் ஓடி இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே மாட்டிக்கொண்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி பில் போடுகிறவள். இன்னொருத்தி வளையல் பகுதியில் நிற்பவள். வாங்க வந்தவர்களைப் பேசிப் பேசியே மயக்குவதால் அவளுக்கு "வாயாடி" என்று பட்டப்பெயர். அவள்தான் போய்க் கதவைத் தட்டினாள்.

"சார், திறங்க சார்! எங்களையும் உள்ள விடுங்க சார்!"

கதவு அசையவில்லை. சத்தம் போட்டதற்காக ஒருவன் அவள் தலையில் கம்பியால் அடித்தான். கண்ணாடிப் பெட்டியில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் முதலாளி எல்லோரையும் நிற்க வைத்து மீசையைப் பாராட்டினார். லாக்கரில் இருந்த நகையெல்லாம் அவரால்தான் தப்பியதாம். மீசை அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டு, "அந்தப் பொண்ணு கத்தாம இருந்திருந்தா அடியே விழுந்திருக்காது அய்யா" என்றார்.

பில் போடுகிறவளுக்கு அவரை வெறுக்க அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. முந்தின நாள் வாயாடியின் தலைக்காயத்தில் அவள் துணி வைத்து அழுத்திக்கொண்டிருந்தபோது, விரல் இடுக்கில் ரத்தம் ஒழுகியது. அப்போதும் உள்ளே தாழ்ப்பாள் போட்டபடி இருந்த ஆள் இவர்.

தையல் பிரித்துப் பல வாரம் கழித்து வாயாடி வேலைக்குத் திரும்பினாள். பேச்சு மட்டும் திரும்பவில்லை. வாசல் கதவு திறக்கும்போதெல்லாம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்வாள். "போகப் போகச் சரியாயிடும்மா" என்று மீசை அவளுக்கு ஆறுதல் வேறு சொன்னார். பில் போடுகிறவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இனிமேல் இப்படி நடந்தால் என்ன செய்வது என்று கற்றுக்கொடுக்க, போலீசில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரை முதலாளி வரவழைத்தார். வகுப்பில் மீசைதான் முதல் வரிசை. "ஓடக் கூடாது, பதறக் கூடாது, மத்தவங்களை விட்டுட்டுப் போகக் கூடாது" என்று பாடத்தைத் திருப்பிச் சொல்லிக் கைதட்டும் வாங்கினார்.

அன்று சாயங்காலம் பில் போடுகிறவள் முதலாளியின் அறைக்குப் போனாள். பயிற்சிக்காரரும் அங்கே இருந்தார்.

"சொல்லிட்டு ஒத்திகை வெச்சா எல்லாரும் நல்ல பிள்ளையாத்தான் நடிப்பாங்க. சொல்லாம வையுங்க அய்யா. நீங்களும் லாக்கர் பக்கத்துலயே நின்னு பாருங்க."

பயிற்சிக்காரர் மறுத்துத் தலையை ஆட்டினார். "அது தப்பும்மா. ஏற்கனவே அடிபட்ட பொண்ணு ஒண்ணு இருக்கு. அதுகிட்டயாவது முன்னாடியே சொல்லணும்."

"அவகிட்ட நானே சொல்லிடறேன் சார்."

அவள் சொல்லவில்லை. வாயாடிக்கு எதையும் முகத்தில் மறைக்கத் தெரியாது. மீசை ஒரே பார்வையில் மோப்பம் பிடித்துவிடுவார்.

ஒத்திகை நாளில் முகமூடி போட்ட இருவர் கத்திக்கொண்டே உள்ளே வந்தார்கள். மீசை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லாக்கர் வாசலில் நின்ற முதலாளியை முழங்கையால் ஒரே இடி. அவர் பக்கத்தில் இருந்த நாற்காலியோடு சரிந்தார். மூக்குக்கண்ணாடி எங்கோ தெறித்தது. இரும்புக் கதவு சாத்திக்கொண்டது.

முதலாளி தட்டுத் தடுமாறி எழுந்து கதவைக் குத்தினார். "யோவ், நான்தான்யா! திற!"

"போலீஸ் வரட்டும் அய்யா!" என்றது உள்ளேயிருந்து குரல். "நகையெல்லாம் பத்திரமா இருக்கு!"

ஒத்திகைதான் என்று பயிற்சிக்காரர் உரக்கச் சொன்ன பிறகே கதவு திறந்தது. மீசையின் முகம் ஈயாடாமல் வெளுத்திருந்தது. பில் போடுகிறவள் அந்த முகத்தைக் கண்கொட்டாமல் பார்த்தாள்.

"அய்யா அவ்வளவு கத்தினாரே, காதுல விழலையா சார்?" என்றாள்.

"நாளையிலேர்ந்து நீ வரவேண்டாம்" என்றார் முதலாளி, மீசையைப் பார்த்து.

இந்தச் சந்தோஷத்தைப் பங்குபோட அவள் வளையல் பக்கம் திரும்பினாள். அங்கே யாரும் இல்லை. வாயாடி மேசைக்கு அடியில் சுருண்டு கிடந்தாள். இரண்டு கையாலும் தலையை மூடியிருந்தாள். அவள் உடுப்பு நனைந்திருந்தது. வாய் திறந்திருந்தும் சத்தம் வரவில்லை.

அதன்பிறகு வாயாடி கடைக்கு வரவே இல்லை. பில் போடுகிறவள் பழம் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். வாயாடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாமே, அக்கா. அந்த போலீஸ்காரர் வந்து பார்த்துட்டுச் சொன்னாரு."

"உனக்காகத்தான்டி செஞ்சேன். அந்த ஆள் உன்னைப் பத்தி என்ன பேசினான் தெரியுமா?"

"அவர் பயந்து ஓடினாரு. நீ தெரிஞ்சே என்னை அங்க நிக்க வெச்ச."

வாயாடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அம்மா பழப்பையைத் திருப்பிக் கையில் கொடுத்துக் கதவைச் சாத்தினாள்.

பேருந்தில் வரும்போது பில் போடுகிறவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் என்ன ஏதென்று விசாரித்தாள். ஒன்றுமில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாயாடி சொன்னது சரி என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும், கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த மீசையின் முகத்தை நினைத்தபோது நெஞ்சு குளிர்ந்தது. வீடு வந்து சேரும்வரை திரும்பத் திரும்ப அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.