முதல் அச்சு

கட்டிலுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு செலின் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தாள். கூடத்தில் அவள் புருஷன் ரெமிஜியஸ் புது வெள்ளைச் சட்டையும் கையில் ஜெபமாலையுமாகப் பெட்டிக்குள் படுத்திருந்தார். துக்கத்துக்கு வந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். செலினுக்கு அந்த மூடி வேண்டும்.

"மா, இன்னா தேடுற நீ? எழுந்து வா. பதினோரு மணிக்குப் பூசை," என்றான் மகன் நோயல்.

"அப்பா பேனாவோட மூடிடா."

"வேற பேனா வாங்கிக்கலாம் மா."

"எனக்கா கேட்டேன்? அவருகூட வைக்கணும்."

நேற்று மதியம் அந்த மைப்பேனா ரெமிஜியஸின் விரலிடுக்கில் திறந்தபடி இருந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். செலின் கொண்டுபோன காபியை மேஜையில் வைத்து, "ரோஷத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல, குடிங்க," என்று சொன்னாள். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள்.

ரெமிஜியஸ் முப்பத்திரண்டு வருஷம் ஃபேக்டரியில் இன்ஸ்பெக்ஷன் பார்த்தவர். ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் தூக்கிப் போட்டுவிடுகிற கை. ரிடையரான பிறகு அந்தக் கையை ஸ்டாம்பு பக்கம் திருப்பினார். எச்சில் தொடாமல், உரித்து ஒட்டுகிற ஸ்டாம்புகள் வெளிநாட்டில் பத்துப் பத்தாகச் சின்னப் புத்தகமாக விற்கும். அதே படம், அதே விலைதான். ஆனால் மறுபடி மறுபடி அச்சடிக்கும்போது எங்காவது ஒன்று மாறியிருக்கும். ஸ்டாம்பு ஓரத்துப் பல் ஒன்று கூடும், பின்தாள் கொஞ்சம் மஞ்சளடிக்கும், அட்டையில் ஒரு புள்ளி காணாமல் போகும். எது முதல் அச்சு, எது இரண்டாவது என்று பிரித்துச் சொல்ல பெங்களூரில் சேகரிக்கிறவர்கள் தொம்மலூர் சந்தில் இருக்கிற இவர் வீட்டுக்குத்தான் வருவார்கள். ரெமிஜியஸ் சீட்டு எழுதிக் கொடுத்தால் அதற்கு மேல் பேச்சில்லை.

அந்த ரெமிஜியஸுக்கு மூன்று வருஷமாகக் கண் தெரியாது என்பது செலினுக்கு மட்டும் தெரியும். நிழல் தெரியும், ஆள் தெரியும், அவ்வளவுதான். யாராவது வந்தால் மனுஷன் ஜம்மென்று லென்ஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "ரெண்டு நாள் டைம் கொடுங்க," என்பார். அவர்கள் போன பிறகு லென்ஸ் செலின் கைக்கு வரும். அவள் பல் எண்ணுவாள், பின்தாளைப் பார்ப்பாள், பட்டென்று சொல்லுவாள். அவர் ஸ்கேலை வைத்து, பழகிய கையால் கோணாமல் எழுதுவார். நாடு, வருஷம் எல்லாம் முதலிலேயே எழுதிவிடுவார். எந்த அச்சு என்ற இடம் வந்ததும் பேனா முனையைத் தாளில் வைத்துக்கொண்டு, "செலினு, வா," என்று கூப்பிடுவார். அவள் வந்து இன்னொரு முறை பார்த்துச் சொன்ன பிறகுதான் அந்த வரியை எழுதுவார், கையெழுத்துப் போடுவார். இப்படித்தான் மூன்று வருஷம் ஓடியது. ஒரு சீட்டும் திரும்பி வந்ததில்லை.

நேற்றுதான் வம்பு வந்தது. மல்லேஸ்வரம் சீனிவாசராகவன் கொடுத்துவிட்டுப் போன ஆஸ்திரேலிய ஸ்டாம்புப் புத்தகம். இரண்டாவது அச்சில், சுலபமாக உரியட்டும் என்று பின்தாளின் நடுவில் பிளேடால் கீறியதுபோல ஒரு வெட்டு இருக்கும். முதல் அச்சில் அது கிடையாது, விலையும் அதற்குத்தான் அதிகம். ரெமிஜியஸ் நகத்தால் தடவிப் பார்த்து, "வெட்டு இருக்கு, ரெண்டாவது," என்றார்.

"அது வெட்டு இல்லங்க, மடிப்பு. யாரோ மடிச்சு வெச்சிருக்காங்க."

"என் விரலு பொய் சொல்லாது."

"என் கண்ணு மட்டும் பொய் சொல்லுதா?"

"முப்பத்திரண்டு வருஷம் இன்ஸ்பெக்ஷன் பாத்தது நீயா நானா?"

அதற்கு மேல் செலின் அங்கே நிற்கவில்லை. அடுக்களைக்குப் போய் பீன்ஸை நறுக்குகிற சாக்கில் பலகையைப் போட்டுக் கொத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து, "செலினு," என்று குரல் வந்தது. கூப்பிடட்டும், நன்றாகக் கூப்பிடட்டும் என்று இருந்தாள். மறுபடி, "செலினு, வாயேன்." அவள் அசையவில்லை. மூன்றாவது தடவை கூப்பிட்டால் போகலாம் என்று இருந்தாள். மூன்றாவது தடவை அவர் கூப்பிடவில்லை.

இதயம் ஒரே நொடியில் நின்றிருக்கும், பக்கத்தில் இருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அதை வைத்துக்கொண்டு செலின் என்ன செய்வாள்? நெஞ்சு வலித்துத்தான் கூப்பிட்டாரா? வலியில் ஒரு மனுஷன் கூப்பிட, பீன்ஸ் நறுக்கிக்கொண்டு நின்றேனா? இதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. நேற்றிலிருந்து அழவும் இல்லை.

மூடி கிடைக்காமல் செலின் கூடத்தில் வந்து உட்கார்ந்தபோது சீனிவாசராகவன் மாலையோடு வந்தார். பெட்டியின் காலடியில் அதை வைத்துவிட்டுக் கும்பிட்டார். நோயல் பொறுப்பான பிள்ளை. மேஜையில் கிடந்த புத்தகத்தையும் சீட்டையும் அவன் நேற்றே ஒரு கவரில் போட்டு வைத்திருந்தான். அதை எடுத்து நீட்டினான்.

"ஐயையோ, நான் இதுக்காக வரலைப்பா."

"பரவால்ல சார். அப்பா எழுதி முடிச்சுட்டாரு போல. கடைசி சீட்டு. நீங்களே வெச்சுக்குங்க."

செலின் அந்தக் கவரையே பார்த்தாள். இரண்டாவது அச்சு என்று அவர் எழுதியிருப்பார். இந்த மனிதர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பி, உயர்ந்த புத்தகத்தைச் சாதாரணப் புத்தகமாக யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவார். தப்பு என்று சொன்னால், பெட்டிக்குள் படுத்திருக்கிற புருஷனின் பெயரை அவர் தலைமாட்டிலேயே நின்று கெடுத்ததாக ஆகும். சொல்லாமல் விட்டால், தப்பான சீட்டோடு அவர் மண்ணுக்குப் போவார். அதை அவரே தாங்கமாட்டார்.

"சார், கொஞ்சம் இருங்க," என்று எழுந்தாள்.

சீனிவாசராகவன் அதற்குள் சீட்டைப் பிரித்திருந்தார். "இதுல முடிவு எழுதலையேம்மா. கையெழுத்தும் இல்லை. ஒரு மைப்பொட்டுதான் இருக்கு."

செலின் சீட்டை வாங்கிப் பார்த்தாள். நாடு எழுதியிருந்தது. வருஷம் எழுதியிருந்தது. எந்த அச்சு என்ற இடத்தில் பேனா முனை வெகுநேரம் நின்று ஊறிய நீலப் பொட்டு, மிளகு அளவுக்கு.

அவளுக்குப் புரிந்துவிட்டது. வலித்துக் கூப்பிடவில்லை. முனையை அந்த இடத்தில் வைத்துக்கொண்டு, எப்போதும் போல, வந்து சொல்லு என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். விரலை நம்பாமல் அவளை நம்பிக் கூப்பிட்டிருக்கிறார். அவள் வரும்வரை அந்த வரியை எழுதாமல் வைத்திருந்திருக்கிறார்.

"அட பாவி மனுஷா," என்று சொல்லி செலின் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வாய்விட்டு, மூக்குச் சிந்தி, நன்றாகவே அழுதாள். பெண்களுக்கு அப்பாடா என்று இருந்தது.

அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நோயலு, லென்ஸ எடு," என்றாள்.

"இப்பவா மா?"

"இப்பதான்டா."

தலைமாட்டு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் புத்தகத்தைப் பிடித்து, லென்ஸை வைத்து, பின்தாளைப் பட்டும் படாமல் வளைத்தாள். வெட்டாக இருந்தால் வாயைத் திறக்கும். திறக்கவில்லை.

"மடிப்புதான். முதல் அச்சு சார், சந்தேகமே வேணாம்."

சீனிவாசராகவன் அவளையும் லென்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்களாம்மா?"

"மூணு வருஷமா நான்தான் பாக்குறேன். அவரு எழுதுவாரு."

சீனிவாசராகவன் பெட்டிக்குள் இருந்தவரைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு சீட்டை அவள் முன்னால் வைத்து, "எழுதிக் கொடுங்கோ. உங்க கையெழுத்தே போடுங்கோ," என்றார்.

செலின் ரெமிஜியஸின் பேனாவை எடுத்தாள். மைப்பொட்டில் முனையை வைத்து, அதிலிருந்தே தொடங்கி, முதல் அச்சு என்று எழுதினாள். கையெழுத்துக்கான கோட்டில் பாதியை அவருக்கு விட்டுவிட்டு, மீதியில் தன் பெயரை எழுதினாள்.

பெட்டியை மூட ஓஸ்வால்ட் வந்தார். கோயிலில் இந்த வேலையெல்லாம் பார்க்கிறவர். செலின் பேனாவை ரெமிஜியஸின் சட்டைப் பையில் செருகினாள்.

"பேனாவுக்கு மூடி இல்லயே அக்கா. புதுச் சட்ட, மை பட்டுடும்."

"படட்டும்," என்றாள்.

ஓஸ்வால்டும் நோயலும் பெட்டி மூடியைத் தூக்கி வைப்பதற்குள், வெள்ளைச் சட்டைப் பையின் அடியில் மிளகு அளவுக்கு நீலம் ஊறத் தொடங்கியிருந்தது.