லாரி மோதவில்லை

விசாரணைக்கு இருந்தவர்கள்: மேனேஜர், படிவம் நிரப்பும் ஆபீஸ் அக்கா, என் தங்கை புருஷன், நான். மேசைமேல் அந்தப் பெட்டி. அறையில் பாதியை அதுதான் அடைத்திருந்தது.

செயற்கைப் பல் செய்யும் இடத்தில் எனக்கும் மாப்பிள்ளைக்கும் டெலிவரி வேலை. செய்த பல்லைப் பைக்கில் கொண்டுபோய் டாக்டர்களிடம் சேர்க்க வேண்டும். ஒரு நாள் சரக்கு மொத்தமும் சாப்பாட்டு டப்பாவில் அடங்கிவிடும். அதற்கு மேனேஜர் போன வாரம் மாட்டிவிட்டதோ சின்ன பீரோ அளவுக்கு ஒரு பெட்டி. நான்கு பக்கமும் சிரித்த வாய் படம். அது தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமாம்.

நேற்றுக் காலை பாலத்தில் ஒரு கன்டெய்னர் லாரி என்னை முந்தியது. விழுந்தேன். முழங்கைத் தோல் உரிந்தது. பதினோரு பேருடைய பல் ரோட்டில் சிதறியது.

"லாரி நம்பர் என்ன?" என்றார் அக்கா.

"தெரியாதுக்கா. லாரி மோதல."

"மோதாம எப்படி விழுந்த?"

"காத்து தள்ளுச்சு."

அக்கா படிவத்தைத் திருப்பிக் காட்டினார். இரண்டே கட்டம். பிற வாகனம் மோதியது. ஓட்டுநரின் கவனக்குறைவு. காற்றுக்குக் கட்டம் கிடையாது.

"காத்தாம் காத்து! நீ என்ன பட்டமாய்யா?" என்றார் மேனேஜர். "முன்ன இருந்த இடத்துல நைட் ஷிப்ட்ல தூங்கி வழிஞ்சு வேலைய விட்டவன்தானே. வண்டியிலயும் கண்ணசந்திருப்ப."

நான் தூங்கியதால் விடவில்லை. தூக்கமே வராமல் போனதால் விட்டேன். அதை இவரிடம் விளக்கி என்ன ஆகப்போகிறது?

லாரி விஷயத்தை மட்டும் நாலாவது தடவையாகச் சொன்னேன். பெரிய லாரி முந்தும்போது முதலில் காற்று நம்மை வெளியே தள்ளும். விழாமலிருக்க லாரிப் பக்கமே சாய்வோம். லாரியின் மூக்கு தாண்டியதும் அந்தத் தள்ளல் பட்டென்று நின்றுபோகும், நம் சாய்வு மட்டும் மிஞ்சும். அதோடு லாரி ஓரத்துக் காற்று உள்ளே வேறு இழுக்கும். வெறும் வண்டியென்றால் ஓர் ஆட்டத்தோடு போய்விடும். இந்தப் பெட்டியோடு போவது முதுகில் கதவைக் கட்டிக்கொண்டு போகிற மாதிரி. நேற்று லாரியின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தேன்.

"முடிஞ்சுதா கதை?" என்றார் மேனேஜர். "ரெண்டு மணி சரக்க உன் மாப்பிள்ளை எடுக்கட்டும். இதே பெட்டி. இதே பாலம்."

படிவம் எக்கேடோ கெடட்டும். மாப்பிள்ளை யாரையும் எதிர்த்துப் பேசாதவன். போகச் சொன்னால் போய்விடுவான்.

"மாப்ள, வாயத் திறந்து ஏதாவது சொல்லேன்."

"நான் என்ன மச்சான் சொல்றது?" அவன் பெட்டியிலிருந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் சொல்ல வேணாம். நானே ஓட்டிக் காட்டுறேன்," என்று மேனேஜர் எழுந்தார். "மாட்டுங்கடா பெட்டிய."

"சார், ஹெல்மெட் போட்டுக்கங்க," என்றார் அக்கா. "வேற படிவம் ஸ்டாக் இல்ல."

பெட்டியை வண்டியில் முடுக்கிக் கொடுத்தோம். எங்கள் கேட்டிலிருந்து பார்த்தால் பாலம் முழுவதும் தெரியும். அவர் நடுவில் போகும்போது பின்னால் சரளைக்கல் லாரி ஒன்று வந்தது. வண்டி முதலில் வெளியே போனது. எல்லோரையும் போல அவரும் லாரிப் பக்கம் சாய்ந்தார். லாரியின் பாதி தாண்டியதும் வண்டி உள்ளே பாய்ந்தது. சிரித்த வாய் சக்கரங்களை நோக்கிச் சரிந்தது. அக்கா என் கையைப் பிடித்தார், அதுவும் தோல் உரிந்த முழங்கையை. லாரி போனபின் வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உதறி, எப்படியோ நின்றது.

கால் மணி நேரம் கழித்து மேனேஜர் வந்தார். வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார்.

"சார்?"

"இன்னிக்குக் காத்து கொஞ்சம் ஜாஸ்தி."

"அப்ப காத்துன்னே எழுதிடவா சார்?" என்றார் அக்கா.

"கட்டம் இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்ன கேள்வி?"

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்போதுதான் மாப்பிள்ளை ஸ்பேனரை எடுத்து வந்து வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்தான். ஒரு போல்ட் கழன்றது.

"என்னடா பண்ற?"

"பெட்டியக் கழட்டுறேன் சார்."

"யாரக் கேட்டு?"

"நீங்களே உருட்டிக்கிட்டுத்தானே வந்தீங்க சார்."

மாப்பிள்ளை மீதி மூன்று போல்ட்டையும் கழற்றினான். தன் சாப்பாட்டு டப்பாவைக் கழுவித் துடைத்து, பல் பொட்டலங்களை அடுக்கித் தோள்பையில் போட்டுக்கொண்டான். மணி இரண்டாக ஐந்து நிமிடம் இருந்தது. கிளம்பிப் போனான். பாலத்தில் பஸ்ஸும் லாரியும் முந்தின. ஒவ்வொரு தடவையும் லேசாக ஆடினான், போய்விட்டான்.

"நீ கையெழுத்துப் போட்டுட்டுப் போ," என்றார் மேனேஜர் என்னிடம். அக்கா நீட்டிய படிவத்தில் கவனக்குறைவுக் கட்டத்தில் ஏற்கெனவே டிக் விழுந்திருந்தது.

"போட மாட்டேன்."

"சார், அப்ப உங்க தடுமாற்றத்த எந்தக் கட்டத்துல போட?" என்றார் அக்கா. கிண்டலா சந்தேகமா என்று முகத்தில் தெரியவில்லை.

மேனேஜர் படிவத்தைப் பிடுங்கி வாயில் கவ்விக்கொண்டு, பெட்டியை இரண்டு கையாலும் தூக்கினார். அது வாசலில் நேராக நுழையவில்லை. பக்கவாட்டில் திருப்பி, முட்டியால் தள்ளி, தன் அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து சாவி இரண்டு முறை திரும்பியது.